பால்கனிக்கும் காம்பிங்குக்கும் சின்னக் காஸ் கிறில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் கொண்டோவிலோ ரவுன்ஹவுஸிலோ இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. விதிகள் ஒன்ராறியோவுக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் விதிகளை மட்டும் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றவை எங்கும் பொருந்தும்.

கொண்டோ பால்கனியில் காஸ் கிறில் வைக்கச் சட்டம் விடுமா?

விடும், நிபந்தனைகளோடு. ஒன்ராறியோவில் புரோப்பேன் பாவனையைக் கண்காணிப்பது ரி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் தொழில்நுட்பத் தரங்கள், பாதுகாப்பு அதிகாரசபை. பால்கனி திறந்ததாக இருக்க வேண்டும். கண்ணாடி போட்டு அடைத்த சோலாரியம் ஆகாது. சிலிண்டர் எப்போதும் கிறிலோடு பொருத்தியபடி இருக்க வேண்டும். அதாவது அவசரத்துக்கென்று இன்னொன்றை மூலையில் வைத்திருக்கக் கூடாது. சிலிண்டரின் பாதுகாப்பு வால்வானது கதவு, யன்னல் போன்ற திறப்புகளிலிருந்து கிடையாக 1 மீற்றராவது, கட்டடம் காற்றை உள்ளிழுக்கும் துவாரத்திலிருந்து 3 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும்.

கடைக்குப் போகமுன் அளவுநாடாவை எடுத்து, சறுக்குக் கதவின் திறக்கும் பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள். ஒடுங்கிய பால்கனிகளில் கிறில் வைக்கக்கூடிய இடம் ஒரே ஒரு மூலையாகச் சுருங்கிவிடும். அந்த மூலையின் அகலம்தான் நீங்கள் வாங்கக்கூடிய கிறிலின் அகலம்.

சட்டம் விட்டால் போதுமா?

போதாது. கொண்டோ நிர்வாகத்தின் விதிகள் சட்டத்தை விடக் கடுமையாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. பல கட்டடங்களில் மின்சாரக் கிறிலுக்கு மட்டுமே அனுமதி. வாடகைக்கு இருப்பவர் என்றால் வாடகை ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். முகாமையாளரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். முகாமையாளர் மாறினாலும் அந்த மின்னஞ்சல் மாறாது. பக்கத்துப் பால்கனியில் ஒரு கிறில் நிற்பது அனுமதிக்குச் சான்றல்ல.

சிலிண்டரை மேல்மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது?

பொருட்கள் ஏற்றும் மின்தூக்கி இருந்தால் அதில்தான் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண மின்தூக்கியில் தனியாக ஏறுங்கள். வேறு ஆட்கள் உள்ளே நின்றால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், வால்வு வாயில் மூடித்தக்கை இருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் நேரே பால்கனிக்குப் போய்விட வேண்டும். லொக்கரிலோ நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திலோ சிலிண்டரை வைக்கவே கூடாது. புரோப்பேன் காற்றை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும்.

சுவரில் இயற்கை எரிவாயு இணைப்பு இருக்கிறது. சின்னக் கிறிலை அதில் பொருத்தலாமா?

புரோப்பேனுக்கென்று செய்த கிறிலை முடியாது. வீட்டு இயற்கை எரிவாயு ஏறத்தாழ 7 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் வருகிறது. புரோப்பேன் ரெகுலேற்றர், அதாவது சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் பாகம், தருவது 11 அங்குலம். காஸ் வெளிவரும் துளையின் விட்டமும் வேறு. உற்பத்தியாளரே மாற்றுப் பொதி விற்றால் மட்டும், உரிமம் பெற்ற காஸ் தொழிலாளர் ஒருவரைக்கொண்டு மாற்றலாம். சின்னக் கிறில்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிப் பொதி கிடையாது. இணைப்பு இருந்தால் இயற்கை எரிவாயுவுக்கென்றே செய்த கிறிலை வாங்குவதுதான் வழி.

எந்த அளவுச் சிலிண்டர் நல்லது?

இங்கே கடைகளில் கிடைப்பவை மூன்று வகை. பச்சை நிறத்தில் காணும் ஒரு இறாத்தல் கலன், 465 கிராம் காஸ் கொண்டது, பாவித்துவிட்டு அகற்றுவது. 5 இறாத்தல் சிலிண்டர், மீண்டும் நிரப்பக்கூடியது, கொஞ்சம் தேடித்தான் வாங்க வேண்டும். எல்லார் பின்முற்றத்திலும் நிற்கும் 20 இறாத்தல் சிலிண்டர்.

கணக்கு எளிது. ஒரு இறாத்தல் புரோப்பேன் ஏறத்தாழ 21,500 பி.ரி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். மணிக்கு 8,500 பி.ரி.யூ. கிறிலை முழுச் சுவாலையில் எரித்தால் ஒரு கலன் இரண்டரை மணித்தியாலம் வரும், 20,000 பி.ரி.யூ. கிறிலில் ஒரு மணித்தியாலம்தான். அதே 8,500 கிறிலில் 20 இறாத்தல் சிலிண்டர் 50 மணித்தியாலம் போகும்.

வருடத்தில் நாலைந்து தடவை பூங்காவுக்குப் போகிறவருக்குச் சின்னக் கலன் போதும். கிழமைக்கு ஒருமுறை சுடுகிறவர் சின்னக் கலனில் நிற்பது காசைக் கரைப்பது. பால்கனிக்கும் காருக்கும் ஒரே கிறில் என்றால் 5 இறாத்தல்தான் எங்கள் தெரிவு: ஒரு கையால் தூக்கலாம், காலியானால் நிரப்பு நிலையத்தில் நிரப்பலாம்.

சின்னக் கலனுக்கென்று செய்த கிறிலைப் பெரிய சிலிண்டரில் பூட்டலாமா?

பூட்டலாம், சரியான ஹோஸ் இருந்தால். ஒரு முனையில் பெரிய சிலிண்டருக்கான கையால் திருகும் பிளாஸ்ரிக் சுரையும், மறுமுனையில் சின்னக் கலனின் வாய் போன்ற மரையும் உள்ள ஹோஸ் விற்கிறார்கள். அந்த ஹோஸில் ரெகுலேற்றர் இருக்கக் கூடாது. கிறிலோடு வந்த ரெகுலேற்றரைக் கழற்றவும் கூடாது. ரெகுலேற்றர் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது கிறிலோடு வந்ததாக இருக்க வேண்டும். இரண்டை வரிசையாகப் பூட்டினால் சுவாலை எழும்பாது; ஒன்றுமில்லாமல் பூட்டினால் சிலிண்டரின் முழு அழுத்தமும் பேர்னருக்குப் போய்ச் சுவாலை ஆளுயரம் எழும்பும்.

இந்த ஹோஸ்களுக்குள் முழு அழுத்தத்தில் காஸ் நிற்பதால், நாள்போக்கில் ரப்பரிலிருந்து எண்ணெய்ப் பசை கரைந்து ரெகுலேற்றரை அடைக்கலாம். சுட்டு முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் மிஞ்சிய காஸ் எரிந்து அணையும் வரை விட்டு, பிறகு குமிழை மூடுங்கள். அடைப்பும் குறையும், பூட்டிய ஹோஸில் காஸ் தங்கவும் மாட்டாது.

சின்னக் கலனை வீட்டிலேயே நிரப்பக் கருவி விற்கிறார்களே?

வேண்டாம். ஒருதடவைப் பாவனைக் கலனை நிரப்பிப் போக்குவரத்தில் கொண்டுசெல்வது சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள்: பெரிய சிலிண்டர்களில் இருக்கும் மிதவை, 80 சதவீதம் நிரம்பியதும் நிரப்புதலை நிறுத்தும். சின்னக் கலனில் அது இல்லை. அளவுக்கு மீறி நிரம்பிய கலன் வெயிலில் சூடாகும்போது திரவம் விரிய இடமில்லாமல் பாதுகாப்பு வால்வு திறக்கும். அப்படித் திறந்த வால்வு பிறகு ஒழுங்காக மூடுவதும் நிச்சயமில்லை.

பியூட்டேன் அடுப்பின் மேல் வார்ப்பிரும்புத் தட்டு வைத்துச் சுட்டால் என்ன?

கோடையில் இறாலும் கணவாயும் சுட அது நன்றாகவே வேலை செய்யும். இரண்டு குறைகள். பியூட்டேன் பூச்சியத்தை அண்டிய குளிரில் ஆவியாகாது. 10 பாகைக்குக் கீழேயே சுவாலை சோர்ந்துவிடும். ஒக்ரோபர் காம்பிங்குக்கு அது உதவாது. மற்றது உயிராபத்து: தட்டு அடுப்பை விட அகலமாக இருந்து கலன் இருக்கும் பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், வெப்பம் கீழே திரும்பிக் கலனைச் சூடாக்கி வெடிக்க வைக்கும். தட்டு பேர்னரின் பக்கத்தோடு நிற்க வேண்டும். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்துப் பெரிய தட்டைப் போடுவதும் இதே ஆபத்துத்தான்.

பி.ரி.யூ. கூடினால் கிறில் நல்லதா?

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதால் எல்லாரும் அதைத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்த எண் சொல்வது மணிக்கு எவ்வளவு காஸ் எரிகிறது என்பதை. தட்டுக்கு எவ்வளவு வெப்பம் வந்து சேருகிறது என்பதை அல்ல. மூடி தடித்து, இடைவெளி இல்லாமல் பொருந்தி, பேர்னருக்கும் தட்டுக்கும் தூரம் குறைவாக இருந்தால் தட்டின் ஒரு சதுர அங்குலத்துக்கு 40 பி.ரி.யூ.வே போதும். மெல்லிய தகடும் நாலு பக்கமும் காற்றுப் புகும் மூடியும் என்றால் 70 கூட ஒன்ராறியோ ஏரிக்கரைக் காற்றில் தடுமாறும்.

கடையில் பார்க்கும்போது மூடியை மூடித் திறந்து பாருங்கள். மூடி ஆடுகிறதா? பின்பக்கத் துவாரத்தைத் தவிர வேறெங்கும் விரல் நுழைகிறதா? அதைக் கவனித்தாலே பாதித் தெரிவு முடிந்துவிடும்.

ஒரு பேர்னரா, இரண்டா?

நீங்கள் எதைச் சுடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேர்கர், சொசேஜ், இறால், எலும்பில்லாத கோழித் தொடை, கத்தரிக்காய், சோளப்பொத்தி என்றால் ஒரு பேர்னர் தாராளம். ஆனால் எங்கள் ஆட்கள் பார்பிகியூ என்றதும் முதலில் ஊறவைப்பது எலும்போடு முழுக் கோழிக்கால். தயிர், மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி எல்லாம் போட்டு ஊறிய அந்தக் கால் வேக 35 முதல் 45 நிமிடம் வேண்டும். ஒற்றைப் பேர்னர் கிறிலில் தட்டு முழுவதும் நெருப்புக்கு மேலே இருப்பதால், எட்டு நிமிடத்தில் தோல் கரியும், எலும்பருகில் இரத்தம் நிற்கும்.

இரண்டு பேர்னர் இருந்தால் ஒன்றை அணைத்துவிட்டு அதற்கு மேலே கோழியை வைத்து, மூடியை மூடி, உள்வெப்பத்தை 180 முதல் 200 பாகை செல்சியஸில் வைத்து அரை மணித்தியாலம் விடலாம். வெந்தபின் எரியும் பக்கத்துக்கு மாற்றிப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் காட்டினால் நிறம் வந்துவிடும்.

ஒற்றைப் பேர்னர்தான் இடத்துக்குக் கொள்ளும் என்றால் இப்படிச் செய்யலாம். அலுமினியத் தாளை இரண்டாக மடித்துத் தட்டின் நடுவில் வையுங்கள். அதன் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரக் கால்கள் உள்ள சின்னக் கம்பித்தட்டு, அதற்கு மேல் கோழி. சுவாலையைக் குறைத்து மூடியை மூடுங்கள். தாள் தட்டின் மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். முழுவதையும் மூடினால் வெப்பம் மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பிக் குமிழையும் ஹோஸையும் உருக்கிவிடும்.

வீட்டு அவனில் முக்கால் பதம் வேகவைத்து உடனேயே கிறிலுக்கு மாற்றுவதும் வழிதான். அரைகுறையாக வெந்ததைப் பெட்டியில் போட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோவது மட்டும் கூடாது. மிதமான சூட்டில் கிருமி பெருகும்.

எத்தனை பேருக்கு எத்தனை சதுர அங்குலம்?

ஒரு பேர்கருக்கு இடைவெளியோடு 20 முதல் 25 சதுர அங்குலம், ஒரு முழுக் கோழிக்காலுக்கு 35 முதல் 40. ஆகவே 189 சதுர அங்குலத் தட்டில் (கீழே வரும் வெபர் கியூ 1200இன் அளவு) ஒரே தடவையில் ஏழெட்டுப் பேர்கர், அல்லது ஐந்து கோழிக்கால். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 200 அளவில் போதும். மாமா, சித்தி குடும்பங்களும் சேர்ந்து பதினைந்து பேர் வரும் இடத்துக்குச் சின்னக் கிறில் ஒத்துவராது. பூங்காவில் நிரந்தரமாக நிறுவிய கரி அடுப்பைப் பாவியுங்கள், அல்லது இரண்டு கிறில் கொண்டுபோங்கள்.

மாதிரிகளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்களேன்.

வெபர் கியூ 1200: 189 சதுர அங்குலம், 8,500 பி.ரி.யூ., ஒரு பேர்னர். உடல் வார்ப்பு அலுமினியம், தட்டு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. மூடி நன்றாகப் பொருந்தும், காற்றைத் தாங்கும். பால்கனிக்கு நாங்கள் முதலில் பார்ப்பது இதை.

நெப்போலியன் ட்ராவல்கியூ 285: ஒன்ராறியோவின் பாரி நகரத்து நிறுவனத்தின் தயாரிப்பு. 285 சதுர அங்குலம், இரண்டு பேர்னர். எலும்போடு கோழி சுடுகிறவருக்கு இதுவே பொருத்தம்.

கோல்மன் ரோட்றிப் 285: 285 சதுர அங்குலம், 20,000 பி.ரி.யூ., மூன்று பேர்னர். கால் மடித்துச் சில்லில் இழுத்துப் போகலாம். பூங்காவுக்கும் காம்பிங்குக்கும் உகந்தது. காஸ் குடிக்கும், கலனைக் கூடுதலாகக் கொண்டுபோக வேண்டும்.

வெபர் ட்ராவலர்: 320 சதுர அங்குலம், 13,000 பி.ரி.யூ. பெரிய தட்டு, ஆனால் பேர்னர் ஒன்று. மடித்தாலும் காரின் பின்பெட்டியில் நல்ல இடம் பிடிக்கும்.

குவிசினார்ட் பெற்றிட் கூர்மே: 145 சதுர அங்குலம், 5,500 பி.ரி.யூ. கைப்பிடியில் தூக்கிப் போகலாம். இரண்டு பேருக்கு மேல் யோசிக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் சி.எஸ்.ஏ. முத்திரை அல்லது கனடாவில் ஏற்கப்பட்ட வேறு சான்று முத்திரை உள்ளதா என்று பாருங்கள். இணையச் சந்தைகளில் மலிவாக வரும் சிலவற்றில் முத்திரையே இருக்காது.

பழையதை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பேர்னர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். துளைகள் ஒன்றோடொன்று கிழிந்து சேர்ந்திருந்தால் சுவாலை சீராக வராது. ஹோஸை விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் புது ஹோஸின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மூடியின் உட்புறம் கறுப்பாக உரிவது வண்ணமல்ல, காய்ந்த கொழுப்பு, சுரண்டினால் போகும். சிலிண்டரும் சேர்த்துத் தந்தால் கழுத்து வளையத்தில் குத்திய திகதியைப் பாருங்கள். கனடாவில் 10 வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் மறுபரிசோதனை செய்யப்பட வேண்டும். திகதி கடந்ததை நிரப்பு நிலையத்தில் நிரப்ப மாட்டார்கள்.

முதல் தடவை பூட்டும்போது கசிவைச் சோதிப்பது எப்படி?

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து கொள்ளுங்கள். கிறில் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். தூரிகையால் வால்வு, சுரை, ரெகுலேற்றர், ஹோஸின் இரு முனைகள் எல்லாவற்றிலும் பூசுங்கள். குமிழி வளர்ந்துகொண்டே வந்தால் அங்கே கசிவு. வால்வை மூடி, இணைப்பை இறுக்கி, மறுபடி பாருங்கள். இறுக்கியும் நிற்காவிட்டால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். பிளாஸ்ரிக் சுரையைக் கையால்தான் இறுக்க வேண்டும். சாவி போட்டால் மரை உடையும்.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

புதுச் சிலிண்டர் பூட்டியும் சுவாலை சின்னதாகவே இருக்கிறது. ஏன்?

எங்களிடம் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பெரும்பாலும் எதுவும் பழுதில்லை. 5, 20 இறாத்தல் சிலிண்டர்களின் இணைப்பில் ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு: காஸ் திடீரென்று வேகமாக ஓடினால் ஹோஸ் அறுந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு ஓட்டத்தைச் சிறுதுளி அளவுக்குக் குறைத்துவிடும். கிறில் குமிழ் திறந்திருக்கச் சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டர் வால்வைப் படாரென்று திருகினாலோ அது ஏமாந்துவிடும்.

எல்லாக் குமிழையும் மூடுங்கள். சிலிண்டரை மூடுங்கள். சுரையைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மறுபடி பூட்டி, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறந்து, சில விநாடி பொறுத்து, பிறகு கிறில் குமிழைத் திறந்து பற்றவையுங்கள். ரெகுலேற்றர் கெட்டுவிட்டதென்று புதிது வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

பொத்தானை அழுத்தினால் பற்றவில்லை.

மூடி திறந்துதான் பற்றவைக்க வேண்டும். மூடியிருக்கும்போது காஸ் தேங்கி, பற்றும் கணத்தில் முகத்துக்கு நேரே வெடிக்கும். ஐந்து விநாடியில் பற்றாவிட்டால் குமிழை மூடி, மூடியைத் திறந்தபடி ஐந்து நிமிடம் விடுங்கள். பொறி தெரிகிறதா என்று நிழலில் பாருங்கள். பொறி இல்லையென்றால் முனையில் ஈரமோ கொழுப்போ இருக்கும், துடைத்துக் காயவிடுங்கள். நீண்ட கழுத்து லைற்றர் ஒன்றைக் கிறிலோடு எப்போதும் வைத்திருங்கள்.

பொறி வந்தும் பற்றாவிட்டால், அல்லது சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால், குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த கிறிலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிலந்தியை. காஸும் காற்றும் கலக்கும் குழாயின் வாயில் வலை கட்டிவிடும். காற்றுப் போதாமல் சுவாலை மஞ்சளாகும், சிலவேளை காஸ் பின்னுக்குத் திரும்பிக் குமிழடியில் எரியும். பேர்னரைக் கழற்றி, போத்தல் கழுவும் ஒடுங்கிய தூரிகையை உள்ளே விட்டு இழுத்துவிடுங்கள்.

மசாலா பூசிய இறைச்சி வைத்ததும் நெருப்பு எழும்புகிறது, புகை மேல்மாடிக்குப் போகிறது.

சின்னக் கிறிலில் தட்டு நெருப்புக்கு மிகக் கிட்ட இருப்பதால் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் சுவாலையாகும். ஊறவைக்கும் கலவையில் எண்ணெயை ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள். வைக்குமுன் கலவையை விரலால் வழித்துவிடுங்கள். ஊறியது உள்ளேதான் இருக்கிறது, மேலே நிற்பது எரியத்தான் போகிறது. சீனி, தேன், தக்காளிச் சோஸ் கடைசி ஐந்து நிமிடத்தில். மிளகாய்த்தூள் தணலில் விழுந்தால் எழும் நெடி தும்மலையும் முறைப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவரும். பால்கனியில் சுடுகிறவர் தூளைக் குறைத்து, பச்சைமிளகாய் அரைத்துப் போட்டால் நெடி பாதியாகும்.

கொழுப்பு பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். குமிழை மூடி, சிலிண்டரை மூடி, மூடியைச் சாத்துங்கள். கொழுப்புத் தட்டில் பற்றியிருந்தால் சமையல் சோடாவைக் கொட்டுங்கள். இப்படி எரிவதற்கு முக்கிய காரணமே அந்தத் தட்டைக் கொட்டாமல் விடுவதுதான்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லலாமா?

மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசியதில் நிறம் எதையும் காட்டாது. கூர்முனைத் தேர்மோமீற்றர் ஒன்று வாங்குங்கள். எலும்பில் முட்டாமல், தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். கனடா சுகாதாரத் திணைக்களம் சொல்வது: கோழித் துண்டுகள் 74 பாகை செல்சியஸ், முழுக் கோழி 82, அரைத்த மாட்டிறைச்சி 71, மீன் 70. மூடியிலிருக்கும் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பத்தை. இறைச்சியின் வெப்பத்தை அல்ல.

சுவருக்கும் கிறிலுக்கும் எவ்வளவு தூரம்?

கையேட்டில் உள்ள தூரமே விதி. கையேடு தொலைந்திருந்தால் எரியக்கூடிய எதிலிருந்தும் குறைந்தது 60 சென்ரிமீற்றர் விடுங்கள். ரவுன்ஹவுஸ்களில் வைனில் பலகை அடித்த சுவர் என்றால் இன்னும் தள்ளுங்கள். வைனில் 70 பாகையை அண்டியே இளகி நெளியத் தொடங்கும், நெளிந்தது நிமிராது. கிறிலின் பின்துவாரத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டாதீர்கள். வெப்பம் முன்னுக்குத் தள்ளப்பட்டுக் குமிழ்கள் உருகும். காற்றை மறைக்கச் சிலிண்டரைச் சுற்றித் தகடோ துணியோ கட்டுவதும் கூடாது.

காரில் கொண்டுபோகும்போது?

சுட்ட கிறில் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை ஏற்றாதீர்கள். சின்னக் கலனைக் கிறிலிலிருந்து கழற்றி மூடியைப் போடுங்கள். பெரிய சிலிண்டர் நிமிர்ந்து, உருளாமல் கட்டியிருக்க வேண்டும். பால்ப்பெட்டி ஒன்றுக்குள் வைத்தால் அசையாது. யன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். போகும் வழியில் கடைக்கு இறங்கி வெயிலில் காரைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். விமானத்தில் நிரம்பியதோ பாதியோ எந்தக் காஸ் கலனுக்கும் இடமில்லை. போன இடத்தில் வாங்குங்கள்.

காட்டுத்தீத் தடை இருக்கும்போது காம்பிங்கில் பாவிக்கலாமா?

ஒன்ராறியோ மாகாணம் ஒரு பகுதியைத் தீக் கட்டுப்பாட்டு வலயமாக அறிவித்தால் விறகு நெருப்புக்கு இடமில்லை. கரி அடுப்புக்கும் பொதுவாக அதே கதி. சமைக்கவும் குளிர்காயவும் காஸ் அடுப்பை மிகுந்த அவதானத்தோடு பாவிக்கலாம். யூலை, ஓகஸ்ட்டில் முகாம் போகிறவர்களுக்குக் காஸ் கிறிலின் பெரிய இலாபமே இதுதான். அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பை அன்று காலையில் பாருங்கள்.

அல்கொங்குயின், கிலார்னி போன்ற மாகாணப் பூங்காக்களில் கரடி வரும். கொழுப்பு ஒட்டிய கிறிலை இரவில் மேசையில் விடக் கூடாது. தட்டைத் துடைத்து, கொழுப்பைக் கொட்டி, சிலிண்டரைக் கழற்றி வெளியே நிமிர்த்தி வைத்துவிட்டு, கிறிலைக் காரில் பூட்டுங்கள்.

மழையென்று கூடாரத்துக்குள்ளோ கார்க் கதவடியிலோ கிறிலைக் கொளுத்த வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை; தலையிடி வரும்போதே தாமதமாகிவிடும்.

குளிர்காலத்தில் வேலை செய்யுமா?

புரோப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். ரொறன்ரோக் குளிர் அதற்குத் தடையல்ல. தடை சின்னக் கலனின் உடல். ஆவியாகும்போது கலன் தானே குளிர்ந்து அழுத்தம் இறங்கும். சின்னக் கலனில் திரவம் குறைவு, வெளியிலிருந்து வெப்பம் வாங்கும் பரப்பும் குறைவு. பாதி தீர்ந்ததும் சுவாலை சுருங்கும். பெரிய சிலிண்டருக்கு மாறினால் சரியாகும். கலனை வெந்நீரிலோ அடுப்பருகிலோ சூடாக்குவது கூடாது. முன்சூடாக்கக் கோடையில் 10 நிமிடம் என்றால் சனவரியில் 20 விடுங்கள்.

எப்படித் துப்புரவாக்குவது?

சுட்டு முடிந்த சூட்டோடு தட்டைச் சுரண்டுவதே எளிது. கம்பித் தூரிகை வேண்டாம். உதிர்ந்த கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டையில் குத்தியவர்கள் உண்டு. கசக்கி உருட்டிய அலுமினியத் தாளை இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் போதும். வார்ப்பிரும்புத் தட்டைக் கழுவினால் உடனே துடைத்து மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள்.

கலனில் மிச்சம் எவ்வளவு, காலியானதை எங்கே போடுவது?

புதுக் கலனை வாங்கியதும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதிவையுங்கள். அதிலிருந்து 465 கிராம் குறைந்தால் காலி. பெரிய சிலிண்டரின் வளையத்தில் வெற்று எடை குத்தியிருக்கும். நிறுத்ததிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம்.

காலியானாலும் உள்ளே கொஞ்சம் காஸ் நிற்கும். நீலப் பெட்டியிலோ குப்பைப் பையிலோ போட்டால் லொறியின் நசுக்கியில் பற்றிக்கொள்ளும். ரொறன்ரோவில் நகரசபையின் கையளிப்பு நிலையங்கள் ஆபத்தான வீட்டுக்கழிவாக இவற்றை வாங்கிக்கொள்கின்றன. பல மாகாணப் பூங்காக்களில் சின்னக் கலனுக்கென்றே தொட்டி வைத்திருக்கிறார்கள். புறப்படும் அன்று அதில் போட்டுவிட்டு வந்தால் கார் பயணத்தில் ஒரு கலன் குறைவு. திகதி கடந்த 20 இறாத்தல் சிலிண்டரைப் பெற்றோல் நிலைய மாற்றுக் கூண்டுகளில் கொடுத்து நிரம்பியதை எடுக்கலாம். பெரும்பாலான இடங்களில் திகதி பார்ப்பதில்லை.